அரை மூடி எலுமிச்சை

அம்மாவின் விரல்களைப் பார்த்தால் போதும், அன்றைக்கு ஷெட்டில் எவ்வளவு செம்மீன் வந்தது என்று சொல்லிவிடலாம். ஐஸ் தண்ணீரில் இறால் ஓடு உரித்து உரித்து, நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து வெடித்திருக்கும். மீன்குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவாள். நான் அப்போது கல்லூரியில் ப்ரீடிகிரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனால் அந்த விரல்களுக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அதனால்தான் இஞ்சி மிட்டாய் விஷயத்தில் அப்படித் துள்ளினேன்.

எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்த மலையாளிச் சேட்டன், அம்மா செய்த மிட்டாயைக் கடித்துப் பார்த்து, அலமாரி ஜாடி ஒன்றைக் காட்டி, "ஒரு பரணி நிறைய வெச்சோ சேச்சி. ஒரு வாரம் நோக்கட்டே. வித்துப் போச்சுன்னா பின்னே எப்பவும் இங்கேதான்" என்றார். அப்படி நடந்தால் அம்மா ஷெட்டை விட்டுவிடலாம். போகிற போக்கில் அவர் ஒன்று சொல்லிச் சிரித்தார்: "பட்சே காண சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கு, கேட்டோ."

அது என் மனதில் தைத்துவிட்டது.

அம்மாவிடம் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. ஊறுகாய் ஜாடி செய்கிற அதே கனத்த மண், உள்ளே தேன் நிறத்தில் பளபளப்பு. அவள் முன்பு வேலை பார்த்த வீட்டார், ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது. கேக் வேகவைக்கிற தட்டாம். எங்களிடம் இருந்ததோ மண்ணெண்ணெய் ஸ்டவ். ஸ்டீல் தட்டில் ஊற்றினால் கத்தி போடுவதற்குள் பாகு இறுகிவிடும். இந்தத் தட்டு சூட்டை விடாது, நிதானமாகக் கோடு போடலாம் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். முதலில் வெந்நீர் ஊற்றித் தட்டைச் சூடாக்குவாள். துடைத்து நெய் தடவுவாள். இஞ்சிச் சாறும் சர்க்கரையும் பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஓரம் வெளுக்கிற வரை கிளறி ஊற்றுவாள். வெள்ளையாக, பொரபொரவென்று துண்டு விழும்.

"வெளுக்காம இருக்க வழியிருக்கும்மா. எலுமிச்சை பிழிஞ்சா சர்க்கரை பூக்காது. கண்ணாடி மாதிரி வரும்" என்றேன்.

"யார் சொன்னா?"

"கெமிஸ்ட்ரி புஸ்தகத்துல இருக்கு."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று அரை மூடியைப் பிழிந்தாள். கிளறாதே என்றேன், கிளறவில்லை. இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றேன், காத்திருந்தாள்.

அன்று தட்டில் இறுகியது நிஜமாகவே கண்ணாடிதான். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதன் வழியே என்னைப் பார்த்தாள். "கடைச் சரக்கு தோத்துப்போகும் மோனே" என்றாள்.

பரணியைக் கொண்டுபோய் வைத்தோம். அது இடவப்பாதி மழைக்காலம். மறுநாளே துண்டுகள் வியர்த்தன. மூன்றாம் நாள் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது. கல்லூரி விட்டு வந்தபோது சேட்டன் பரணியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

"இது மிட்டாயில்லடா மோனே, பசை. சினிமா போஸ்டர் ஒட்டலாம்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரணி இருந்த இடத்தில் அதற்குள் வேறு யாருடைய முறுக்கோ வந்திருந்தது.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். புளிப்பு சேர்ந்து அடுப்பில் காய்ந்தால் சர்க்கரை உடைந்துபோகும்; அப்படி உடைந்தது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்று அதே பக்கத்தில் இருந்தது. அந்த வரியையும் நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அம்மாவின் சுண்ணாம்புக் கட்டி மழையிலும் உலர்ந்தே இருந்திருக்கும்.

குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவன் சொன்னபடியே எல்லாம் செஞ்சேன். மழைதான் சதிச்சுப் போச்சு." நான் வாளியோடு பின்னால் நின்றேன். மழையில்லை, என் எலுமிச்சைதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. குடம் நிறைந்தது, அவள் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை ஷெட்டுக்குக் கிளம்பும்போது பழைய வேட்டியைக் கிழித்து இடது கை விரல்களுக்கு அவளே சுற்றிக்கொண்டாள். பிறகு வலது கையை என்னிடம் நீட்டினாள்.

"இறுக்கிக் கட்டு மோனே. தண்ணிக்குள்ள அவிழ்ந்துடுது."

கட்டினேன்.