அயனி மரத்தடியில் ஒரு தாய்வீடு

எல்லா சாதிக்காரரும் கோயிலுக்குள் போகலாம் என்று ராஜா விளம்பரம் போட்டாரே, அதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தி நடந்தது இது. வருடத்தைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகள் எழுதுகிறாள்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிழக்கே, தலைச்சுமையோடு நடந்தால் இரண்டு மணி நேரத்தில் எங்கள் வீடு வரும். பனையேற்றம் என் தொழில். அது சித்திரை மாதம், பனை நன்றாக ஊறும் காலம். வேலியோரத்துப் பனை ஒன்று அந்த வருடம் கலயம் நிரம்பி வழியும். பிறகு அது இடி விழுந்து போயிற்று. அதை விடுங்கள். என் மனைவிக்குத் தலைப்பிள்ளை, எட்டாம் மாதம்.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண்ணின் தாய்வீட்டார் சோறும் பலகாரமும் பொதியாகக் கட்டிக்கொண்டு வந்து, அவளை உண்ண வைத்து, பேறுகாலத்துக்குத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். என் மனைவிக்குத் தாயும் தகப்பனும் இல்லை. பேதி கண்டு ஒரே வாரத்தில் போனவர்கள். அதனால் யாரும் வரவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெந்நீருக்கு விறகைக் கூரை வரை அடுக்கினேன். பேறுகால மருந்துக்கு நல்ல கருப்பட்டியாகப் பொறுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். பழைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கினேன். ஒரு குறையும் இல்லை என்று எனக்குப் பெருமை.

கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி உண்டு. நாற்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. ஒரு நாள் முற்றத்தில் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"எட்டு மாசம் ஆச்சே மக்கா, பிள்ளைய கூட்டிட்டுப் போவ ஆளு வரல்லியா?"

நான் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன். "தாய் செத்தவளுக்கு எந்த வீட்டுல இருந்து ஆளு வரும்? நீ மீனை எடுத்து வை."

அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் சட்டென்று நின்றது. மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு ஐந்து நாளாக அவள் வரவில்லை. என் மனைவியோ சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பிள்ளை வயிற்றோடு இப்படிக் கிடந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம் பிடித்தது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுதான் எங்கயோ கெடக்கு" என்றாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ஆறாம் நாள் காலை பனையிலிருந்து இறங்கி வந்தால், முற்றத்தில் அந்த மீன்காரி நிற்கிறாள். கூடை இல்லை. குளித்து, வெளுத்த துணி உடுத்தி, கையில் பெரிய வாழையிலைப் பொதி. எங்களோடு இருந்த என் அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"கடப்புறத்துக்காரி பொங்கின சோத்தை இங்க யாரு தின்னுவா? கொண்டு போடி!"

"உங்களுக்குக் கொண்டு வரல்ல. அவளுக்காக்கும். வாடை வரப்பிடாதுன்னு மூணு நாளா மீனே தொடல்ல நான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரன் நான்தானே. நான் இடுப்பில் தொங்கிய கலயத்தை அவிழ்க்கக் குனிந்தேன். அதற்குள் என் மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, பொதியை வாங்கி, முற்றத்திலேயே உட்கார்ந்து அவிழ்த்தாள். உள்ளே சோறும் கறியும், பயறு இடித்துச் செய்த முந்திரிக்கொத்துப் பலகாரமும்.

"மைனி, எனக்குப் பசிக்கு."

என் அக்காவைப் பார்த்து அவ்வளவுதான் சொன்னாள். அவள் அப்படி உண்டு நான் பார்த்ததில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சாயங்காலம் முந்திரிக்கொத்தில் இரண்டு குறைந்திருந்தது. யார் தின்றது என்று நான் கேட்கவில்லை.

உண்டு முடிந்ததும் மீன்காரி சொன்னாள். "இனி கூட்டிட்டுப் போவணுமே. எனக்க வீடு தூரம். இவளால நடக்க முடியாது. அந்த அயனி மரம் வரைக்கும் போயிட்டு வாறோம்."

கையைப் பிடித்துப் படலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். குளத்துக் கரையில் நின்ற அந்த மரத்தடியில் இருவரும் வெயில் தாழும் வரை இருந்தார்கள். சாயங்காலப் பனை ஏறியபோது உச்சியிலிருந்து பார்த்தேன். மீன்காரியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். தலையைக் கோதிக்கொண்டிருந்தது அந்தக் கை. என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. அன்றைக்குப் பாளை சீவக் கொஞ்சம் நேரமாயிற்று.

திரும்பக் கொண்டுவந்து விட்டபோது ஓலைப்பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினாள். உள்ளே பால்சுறாக் கருவாடு. "பெத்த பொறவு வச்சுக் குடு. பால் ஊறும்."

அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்பாக இருக்கட்டும் என்று பரணிலிருந்து இரண்டு கருப்பட்டியை எடுத்து நீட்டினேன். அவள் சிரித்தாள்.

"தாய்வீட்டுக்காரிக்குக் கூலியா மக்கா? அவளுக்கே மருந்து இடிச்சுக் குடு."

வைகாசிக் கடைசியில் பெண் பிறந்தது. அதுதான் இப்போது இதை எழுதுகிறது. எழுத்தை நிறுத்திவிட்டு, அந்த மரம் எங்கே நின்றது என்று கேட்கிறது. மரம் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று காதில் விழுந்தால், விறகையும் கருப்பட்டியையும் நினைப்பதற்கு முன்னே, உனக்கு யாரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று அவளிடம் போய்க் கேட்டுவிடுகிறேன்.