அவன் பேருக்கு ஒன்றும் வராது

எங்கள் முதலாளியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. திருப்பரங்குன்றம் ரோட்டில், ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். அவரை சார் என்று கூப்பிடக் கூடாது, அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பமாம், மண்ணாங்கட்டி.

ஜவுளிக்கடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். ஒருவரின் பெயரைக் கொடுத்துக் கேட்டால், அவர் பில் போடலாமா, தள்ளுபடி தரலாமா, ஸ்டாக்கைப் பார்க்கலாமா என்று பதில் சொல்லும் ஏபிஐ என்ற நிரல் ஒன்று அதில் உண்டு. அதை எழுதியவன் என் பக்கத்து சீட்டுக்காரன், என்னை அக்கா என்பான். அது சரியாகச் சொல்கிறதா என்று தினமும் காலையில் தானாகவே ஓடிப் பார்க்கும் டெஸ்ட்டுகளை எழுதியவள் நான். சோதனைக்கென்று தனியாகப் பெயர் உண்டாக்கச் சோம்பல்பட்டு, எங்கள் லாகின்களையே அதில் போட்டிருந்தோம்.

அன்றைக்கு அவன் புதுச்சட்டையில் வந்தான். உசிலம்பட்டியிலிருந்து அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் பெரியப்பா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆபீசுக்கே வருகிறார். நிலையான வேலை என்று தெரிந்தால்தான் பெண் கொடுப்பார்கள். "அண்ணே நம்மளப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிருவாருல்லக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

டெஸ்ட் ஒன்று தேறாமல் சிவப்பாக நின்றது. அவன் பெயரைக் கொடுத்துக் கேட்டால், ஒரு அனுமதியும் இல்லை என்று வந்தது.

"நீ எழுதுனதுதானடா, என்னன்னு பாரு" என்றார் முதலாளி.

மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தேடினான். எழுதிய கோட் முழுவதையும் வரிவரியாகப் படித்தான், சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினான். முதலாளி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இன்னுமா கெடைக்கல? எம்புட்டு நேரம்டா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

சாயங்காலம் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கோட்ல தப்பில்ல. நேத்து ராத்திரி நான்தான் ஒம்பேர்ல இருந்த அனுமதியை எல்லாம் எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு இப்பவே லீவு கேக்குற, அப்பறம் புள்ளகுட்டிம்ப. நமக்குச் சரிப்படாது. டெஸ்ட்டுதான் தப்பு. ஒம்பேருக்கு ஒண்ணும் வராது, அதான் சரின்னு மாத்திட்டுக் கெளம்பு."

"நான் மாத்துறேன்ணே" என்றேன்.

"அவனே மாத்தட்டும்."

அவன் மாற்றினான். தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தான். ஓட்டினான். எல்லாம் பச்சை.

"பாத்தியா, இம்புட்டுத்தான்" என்று அவன் தோளைத் தட்டினார். பாவி.

அவன் பையைத் தூக்கும்போது பெரியப்பா படியேறி வந்துவிட்டார், கையில் வாழைப்பழச் சீப்போடு. முதலாளி அவரை வாய் நிறைய வரவேற்று உட்கார வைத்து, டீ வரவழைத்தார். நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.

"தம்பி எப்படிங்க?"

"தங்கமான பையங்க. நேத்து வரைக்கும் இங்கதான் வேலை பாத்தான்."

பெரியப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவன், "ஐயா, இன்னைக்குக் கூட..." என்று ஆரம்பித்தான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப நாங்க வாரோம்" என்று முதலாளியைக் கும்பிட்டுவிட்டு, பழச்சீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினார்.