கழற்றாத கத்திகள்

'1988 ஆவணி, ஞாயிறு. விபோர்க் பழஞ்சாமான் சந்தை. பட்டாளத்துக் கொடுவாக்கத்தி ஒன்று. முதுகுப்பக்கம் மரம் அரியும் பற்கள். பிடியருகே கிரீட முத்திரை. பொறித்த ஆண்டு தேய்ந்துவிட்டது.'

என் நாட்குறிப்பில் உள்ளது இவ்வளவுதான். அப்போது டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊரின் துணி ஆலையில் வேலை. மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணையோடு ஒரே வீட்டில் இருந்தேன். இருவரும் ஊரிலிருந்து மனைவியரை அழைக்க அரசிடம் விண்ணப்பித்திருந்தோம். பதிலே இல்லை.

எங்களைப் போல் பதில் வராத தமிழர் ஒவ்வொருவரும் தன்னில் குற்றம் தேடினார். பக்கத்து வீட்டுக்கு மணக்குமென்று ஒருவர் மீன் பொரிப்பதை விட்டார். இன்னொருவர் மீசையை வழித்துப் புதுப்படம் எடுத்து அனுப்பினார். என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க அண்ணை சிரமப்படவில்லை. கட்டிலுக்குக் கீழே பழைய கத்திகளும் கைக்கோடரிகளும் இருந்தன. முள் வெட்டவும் கூடாரத்துக்கு முளை சீவவும் அந்தக் காலப் படைக்காரர் வைத்திருந்தவை. ஊரில் படைகளுக்குப் பயந்து ஓடிவந்த எனக்கு, அவர்களிடமும் வெறும் வேலைக்கான இரும்பு இருந்தது என்பதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"உதுகளைக் கொண்டுபோய் எறியும். பொலிஸ் கண்டா என்ன சொல்லுவீர்?"

"பழம்பொருள் எண்டு சொல்லுவன்."

"தமிழன்ர கட்டிலுக்குக் கீழ கிடந்தா அது கத்தி, தம்பி. டெனிஷ்காரன்ர சுவரில தொங்கினாத்தான் பழம்பொருள்."

"அப்ப நானும் சுவரில தொங்கவிடுறன்."

தொங்கவிட்டேன், தெருவிலிருந்து தெரியும்படி. ஒவ்வொன்றின் கீழும் அது என்ன, எந்தக் காலத்தது என்று டெனிஷ் மொழியில் எழுதி ஒட்டினேன். சில வாரங்களில் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் நின்று வாசித்தார். கழற்றச் சொல்லவில்லை. ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

"முடிஞ்சுது," என்றார் அண்ணை. "உம்மட பெண்சாதி இனி யாழ்ப்பாணத்திலதான்."

"உங்கட பெண்சாதி ஏன் அண்ணை இன்னும் வரேல்லை? உங்களிட்டை ஒரு பேனாக்கத்திகூட இல்லையே!"

அண்ணை சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தார். சோறு எப்போதோ வெந்திருந்தது.

அடுத்த ஆண்டு பத்திரிகைகள் எழுதின. தமிழர் எல்லோருடைய விண்ணப்பங்களையும் நீதி அமைச்சே நிறுத்தி வைத்திருந்ததாம். மீன் பொரித்தவர், பொரிக்காதவர், மீசை வைத்தவர், வழித்தவர் என்ற பேதமே அதில் இல்லை. அன்று மாலை அண்ணை என் கொடுவாக்கத்தியை எண்ணெய்த் துணியால் துடைத்து, தானே மறுபடி சுவரில் மாட்டினார்.

பிறகு அவருடைய மனைவி வந்தார். என் மனைவி அவருக்கும் பிந்தித்தான் வந்தாள். சுவரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி: "உதில எது வெட்டும்?"

அவளுடைய கோப்பு ஏன் பிந்தியது என்று யாரும் சொல்லவில்லை. பொலிஸ்காரர் எழுதிய தாள் அதற்குள் போனதா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை. போயிருந்தாலும் கத்திகளைக் கழற்றியிருக்க மாட்டேன்.