அலுகோசின் பேரன்

என் மகள் கட்டப்போகிற பெடியனின் தாத்தா ஒரு அலுகோசு என்று அண்ணை வந்து சொன்னபோது, நான் ஸ்ட்ரெதம் வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். விம்பிள்டன் கோயிலில் யாரோ சொன்னார்களாம். கிழவர் கொழும்பில் சிறைச்சாலை உத்தியோகம் என்று நாங்கள் நம்பியிருக்க, அவர் பார்த்தது தூக்குப் போடுகிற வேலையாம்.

"கொலைகாரப் பரம்பரை, தங்கச்சி. அந்த இரத்தம் எங்கடை வீட்டுக்குள்ள வர ஏலாது," என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது, அவ்வளவு கோபம்.

எனக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, ஒருநாள் காலையில் டியூசனுக்குப் போகிற வழியில், எங்கள் சந்தி மின்கம்பத்தில் ஒரு மனிதரைக் கட்டிவைத்துச் சுட்டிருந்தார்கள். அந்தச் சந்தியிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தவர். என் சைக்கிளுக்கு எத்தனையோ தரம் காற்றடித்துத் தந்தவர். கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை தொங்கியது. சனம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தது, பிறகு ஏறிப் போனது. பின்னேரம் வரைக்கும் உடலை அவிழ்க்க யாரையும் விடவில்லை. விடாமல் துவக்கோடு காவல் நின்றவர்களில் ஒருவர் என் அண்ணை. அவர் இயக்கத்துக்குப் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின்னேரம் அந்த மனிதரின் மனைவி வந்து, அண்ணையிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் கயிற்றை அவிழ்த்தா. அதைச் செய்தது யார் என்று ஊரில் கேட்டால் "பொடியள்" என்பார்கள். பொடியள் போட்டிட்டாங்கள். அவ்வளவுதான்.

அரசாங்கச் சம்பளத்துக்குத் தூக்குப் போட்டவனுக்கு அலுகோசு என்று ஒரு பெயர் இருந்தது. அலுமாரியையும் அலவாங்கையும் தந்த போர்த்துக்கீசன் அந்தச் சொல்லையும் தந்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் ஊரில் அது ஒரு வசவு. முரட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் ஏசுவார்கள். சந்தியில் வைத்துச் சுட்டவர்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல்லையே கொடுத்தோம்.

"அண்ணை, கம்பத்தடியில நிண்டவனுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

அவர் முகம் கறுத்தது. தான் சுடவில்லை, காவலுக்குத்தான் நின்றது என்றார். பிறகு எழும்பி, "அது வேறை," என்றார்.

அது வேறை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் குடும்பம் இந்த ஒரு வசனத்தில்தான் குடியிருக்கிறது. இந்த நகரத்துக்கு வந்து கடை போட்டு, வீடு வாங்கி, கோயிலில் பரிவட்டம் கட்டி நின்ற மனிதரைப் பார்த்து ஒருவரும் பரம்பரை, இரத்தம் என்று பேசியதில்லை. வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். என் மகளைக் கூப்பிட்டு, தான் கம்பத்தடியில் நின்றதைத் தன் வாயால் சொன்ன பிறகு கலியாணத்துக்கு வந்தால் போதும் என்றேன். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

நான் வேலை செய்கிற கடைக்கு மார்பிள் ஆர்ச்சில் இறங்க வேண்டும். றோட்டு நடுவிலுள்ள திட்டில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள், பழைய தூக்குமரம் நின்ற இடமென்று. அந்தக் காலத்தில் சனம் தின்னக் குடிக்கக் கொண்டுவந்து குந்தியிருந்து பார்த்ததாம். தூக்குப் போட்டவனை மட்டும் வெறுத்ததாம். அடுத்த நாள் அந்தக் கல்லைக் கடந்தபோது வெள்ளைக்காரனிலும் எனக்குக் கோபம் வந்தது. பார்க்கிறதுக்கு எல்லாருக்கும் வேணும், கயிறு பிடித்த கையை மட்டும் தொட ஏலாது.

அன்று பெடியனின் தகப்பனுக்குப் போன் எடுத்தேன். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார், விமான நிலையத்தில் வேலை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், அவரும் அப்படியே பதில் சொன்னார்.

"ஓம் அக்கா, உண்மைதான். நாங்கள் மறைக்கேல்லை. எங்கடை மகன் உங்கடை மகளுக்கு முதலே சொன்னவன்."

தன் தகப்பன் அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும், மீன்காரன் அவர் கையிலிருந்து காசு வாங்கமாட்டானாம், கூடைக்குள் போடச் சொல்லுவானாம். சாகும்வரை அப்பா அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். பிள்ளைகள் கேட்டபோது மட்டும், தான் செய்த வேலை இன்னது என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதரை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆட்களைத் தொங்கவிட்டவர். ஆனால் அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

என் மகளுக்கோ மாமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்று பின்னேரம் அவளை இருத்திச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரேயொரு கேள்வி கேட்டாள், சைக்கிள் கடைக்காரர் உண்மையில் என்ன செய்தார் என்று. எனக்குத் தெரியாது என்றேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. அவள் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, அழைப்பிதழில் மாமாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

கலியாணம் ஹவுன்ஸ்லோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கோயிலில் கதை பரவி, எங்கள் பக்கத்தில் மூன்று குடும்பம் வரவில்லை. அண்ணையும் வரவில்லை. அண்ணி மட்டும் வந்து, ஒரு மூலையில் இருந்துவிட்டு, பந்திக்கு முன்னமே, வெள்ளெனப் போனா. பந்தி முடிகிற நேரம் சம்பந்தி என்னிடம் வந்து, "உங்கடை அண்ணையைக் காணேல்லையே," என்றார்.

"நான்தான் வரவேண்டாமெண்டனான்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. பிறகு, குடும்பத்துக்கு மூத்தவர், சாப்பாடாவது போகட்டும் என்று சொல்லி, சோறும் கறியும் பாயாசமும் தனித்தனியாகக் கட்டுவித்து என் கையில் தந்தார்.

நான் அதை அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மண்டபம் கூட்டுகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.