இருக்கைக்கு அடியில் இருந்த கோடுகள்

ஹம்பேர்க்கில் பழைய பந்தயக் கார்களைத் திருத்தும் பட்டறையில் முப்பது வருடம் தகட்டு வேலை செய்தேன். நெளிவைக் கண்ணால் பார்க்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவேன். என் கை பொய் சொல்லாது என்று பெரிய வாய் வேறு.

ஒருமுறை ஒரு சிவப்புக் கார் வந்தது. அதற்கு இஞ்சின், சாரதியின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரச் சில்லுக்கு முன்னால். வளைவில் வெட்டித் திரும்ப அதுதான் வசதி. மலைப்பாதைப் பந்தயங்களில் தன்னைவிடப் பெரிய கார்களைத் திணறடித்தது. பிறகு பல வருடம் அமெரிக்காவில் யாரோ ஒருவரின் கொட்டகையில் கிடந்தது. புதிதாக வாங்கியவருக்குப் புத்தம்புதிதாகத் தெரியவேண்டும். இருக்கையைக் கழற்றி அடித்தகட்டைத் தடவினேன். ஒரே நீளத்தில், வரிசையாகக் கீறல்கள்.

கூட வேலை செய்த மன்னார்க்கார யேசுதாசன் குனிந்து பார்த்தான்.

“அண்ணை, இது தானாப் பட்ட கீறல் இல்லை. ஆரோ வேணுமெண்டு கிழிச்சிருக்கினம். கேட்டுப் பாப்பமே?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வெள்ளிக்கிழமை கார் கொடுக்க டெர்மின், நாள் குறித்தாயிற்று, உனக்கு எல்லாவற்றிலும் ஒரு கதை வேண்டும் என்று ஏசிவிட்டுத் தகடு தேய்க்கும் எமரித்தாளை எடுத்தேன். அரைமணித்தியாலத்தில் தகடு வழுவழுவென்று வந்தது.

வெள்ளிக்கிழமை வாங்கியவர் ஒரு வயதான ஜெர்மன் அம்மாவையும் கூட்டிவந்தார். காரை ஓட்டியவரின் மனைவி. கடைசிப் பந்தயத்தை முடித்து, காரை நிறுத்திய மனிதர் இருக்கையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். ஒவ்வொரு பந்தயமும் முடிந்தவுடன், இறங்குமுன், இருக்கைக்கு அடியில் ஆணியால் ஒரு கோடு கிழிப்பாராம். அதற்குமுன் ஓடியது பதினொரு பந்தயம். பன்னிரண்டாவது கோடு இருந்தால், முடித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறார். அதைப் பார்க்கவே அந்த அம்மா ஏழு மணித்தியாலம் ரயிலில் வந்திருந்தார்.

அவர் முழந்தாளிட்டு இருக்கைக்கு அடியில் கையை விட்டார். நெடுநேரம் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒண்டும் இல்லையே. நீங்கள் கழட்டேக்கை எத்தினை கோடு இருந்தது?”

பன்னிரண்டு என்று வாய்நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை.

“நான் எண்ணேல்லை அம்மா. நான்தான் தேய்ச்சனான்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். யேசுதாசன், தான் கேட்கச் சொன்னதை இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை.

தகட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட ஏலாது. எமரித்தாளை எடுக்கமுன் கேளுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் எண்ணியாவது வையுங்கள்.

ஓய்வெடுத்து இரண்டு வருடமாகிறது. இப்போதும் கண்ணை மூடி, என் கை அந்தத் தகட்டுக் கீறல்களில் எத்தனை தரம் ஏறி இறங்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன். சிலநாள் பதினொன்று வருகிறது. சிலநாள் பன்னிரண்டு.