அக்காவின் வெந்நீர் அடுப்பு

அடுப்பின் மூன்று கருங்கற்களையும் ஒவ்வொன்றாக நானே தூக்கிச் சென்று வைத்தேன். எங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து காலடி எண்ணிப் பதின்மூன்றாவது எட்டில். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. "ஒரு கையில புள்ள, ஒரு கையில கல்லு. எவங்கிட்ட சண்டைக்குப் போற, வாத்தியாரூட்டம்மா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார் பக்கத்து வீட்டு அக்கா.

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் கணவருக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. பிரசவத்துக்குப் பிறகு நானும் அங்கே வந்துவிட்டேன். கணினி வேலையெல்லாம் கல்லூரியிலேயே முடிந்திருந்தது. ஆய்வறிக்கை எழுதுவதுதான் பாக்கி. கட்டடத்தைச் சுற்றிப் புகை எப்படிப் பரவும் என்பது என் ஆய்வு. காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் இரண்டு கணித மாதிரிகளை அதில் ஒப்பிட்டிருந்தேன். கட்டடத்தைத் தாண்டும் காற்று, அதன் பின்னால் சிறிது தூரத்துக்குச் சுவரை நோக்கியே திரும்பி வரும். அது எவ்வளவு தூரம் என்பதில்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எங்கள் வீட்டு உயரத்துக்கு ஒன்று பத்து எட்டு என்றது, மற்றது பதினாறு என்றது. முதலாவது எல்லோரும் பயன்படுத்துவது, அடம்பிடிக்காமல் விடைக்கு வருவது. நான் அதைத்தான் நம்பினேன். பத்தைத் தாண்டிப் பதின்மூன்றில் அடுப்பை வைத்தால் புகை திரும்பாது என்று கணக்குப் போட்டேன்.

அக்காவின் வெந்நீர் அடுப்பு அதுவரை வேலியோரம் இருந்தது. ஆடிக் காற்றில் சில நாள் புகை தொட்டில்வரை வந்தது. குழந்தை மூச்சு விட்டால் மெல்லிய விசில் கேட்டது. இடத்தை மாற்ற முடியுமா என்று தயங்கித்தான் கேட்டேன். "படிச்ச புள்ள சொல்ற, சரியாத்தான் இருக்கும்" என்றார் அக்கா.

இடம் மாற்றிய முதல் இரண்டு நாளில் குழந்தைக்கு இருமல் கூடியது. பனி என்று நினைத்தேன், நான் குடித்த மோர் என்று நினைத்தேன், தலைக்கு ஊற்றியது தப்போ என்று நினைத்தேன். கணக்கை மட்டும் சந்தேகிக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து புகையே வரவில்லை. மருந்தும் கொடுத்தோம், இருமல் தணிந்தது. முதல் மாதிரியே போதுமானது என்று முடிவுரையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் துணி உலர்த்தப் பின்பக்கம் போனபோது அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் தூறலில் நனைந்து இறுகியிருந்தது. அதில் எறும்பு மண் தள்ளியிருந்தது.

"ஏனுங்கக்கா, அடுப்பு பத்த வெக்கறதே இல்லீங்களா?"

"பொக திரும்பித் திரும்பி உன்ற சன்னலுக்கே போச்சு. கொழந்த இருமுனா எங்கூட்டு வரைக்கும் கேக்குது கண்ணு. பச்சத் தண்ணி ஒண்ணும் ஆளக் கொன்னுபோடாது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீ எந்நேரமும் அந்தக் காயிதத்தையே கட்டீட்டு உக்காந்திருந்த. எப்படிச் சொல்றது?"

கணக்கு தப்பு, நம்பியது என் தப்பு என்றேன்.

"தப்புன்னா மாத்திப் போடு. கணக்கு என்ன தாலியா, ஒருக்கா கட்டுனா அவ்வளவுதான்னு இருக்க?"

அன்றே மூங்கில் குச்சிகளில் பழைய சேலை நூலைக் கட்டி, சுவரிலிருந்து வரிசையாக நட்டோம். காற்று மேற்கிலிருந்து வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் வீசிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாவது எட்டில் இருந்த நூல் வீட்டைப் பார்த்துப் பறந்தது. பதினெட்டாவதில் இருந்தது வெளியே பார்த்துப் பறந்தது. இரண்டாவது மாதிரி சொன்ன பதினாறுதான் உண்மைக்குப் பக்கம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கற்களை இருபதாவது எட்டுக்கு அவரே உருட்டினார். நான் முடிவுரையைக் கிழித்து வேறு எழுதினேன். நூல் கட்டிப் பார்த்ததை அறிக்கையில் சேர்க்கவில்லை. அது முறையான அளவீடு ஆகாது என்று பயம். சேர்த்திருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

இப்போது மகளுக்கு ஐந்து வயது. சமவெளிக்கு வந்துவிட்டோம், மூச்சில் சத்தம் இல்லை. அன்றைய இருமல் புகையாலா, மலைக் குளிராலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆடிக் குளிரில் அக்கா மூன்று வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்தது யாரால் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.