கண்டக்டரம்மாவின் நங்கூரம்

பல வருடம் ஒரே பஸ்ஸில் ஓடிய ஜோடி அது. அவர் டிரைவர், அவள் கண்டக்டர். கல்யாணமே அந்த பஸ்ஸில்தான் முடிவானது என்று டெப்போவில் கேலி செய்வார்கள். கண்டக்டரம்மா விசில் ஊதினால் நிறுத்துவார், மறுபடி ஊதினால் கிளப்புவார். ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய படகை வாங்கினார்கள். படுக்க இரண்டு பலகை, ஒரு ஸ்டவ், சின்ன எஞ்சின். அதில் கால் வைத்த நாளிலிருந்து மனிதர் தலைகீழாக மாறிப்போனார். கயிறு கட்டுவதிலிருந்து டீக்குச் சர்க்கரை போடுவது வரை அதிகாரம் தூள் பறந்தது. புதுப் பொம்மை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

உப்பங்கழிக்குள் நுழைந்த மாலை அந்தப் பொறுமை தீர்ந்தது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள், கிளையெல்லாம் கொக்குகள். சேற்று மேட்டில் ஒரு நீர்நாய் குட்டிகளுக்கு மீனைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் படகின் முன்பக்கம் மண்டியிட்டு, நங்கூரத்தை ஓசைப்படாமல் இறக்கினாள். அது தரை தொட்ட பிறகும் நிறைய சங்கிலி விட வேண்டும். அதுவரை படகைப் பின்னால் எடுக்கக் கூடாது. பொறுங்கள் என்று கை காட்டினாள். பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தவர் கவனிக்கவில்லை.

“விட்டாச்சா இல்லையா? அங்க என்ன தூங்கிட்டு இருக்கியா?” என்று கத்தியபடியே படகைப் பின்னுக்கு எடுத்தார்.

கொக்குக் கூட்டம் மொத்தமும் எழும்பியது. நீர்நாய் குட்டிகளோடு முழுகி மறைந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. பஸ் பிதுங்கி வழிந்த நாட்களில்கூட அவர் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. சங்கிலியைக் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எஞ்சின் நின்ற பிறகுதான் பார்த்தாள்: கரையில் பக்கவாட்டில் இருந்த பட்ட மரம் மெல்ல முன்னால் போவதுபோல் தெரிந்தது. நங்கூரம் சேற்றில் பிடிக்கவில்லை. படகு இழுபட்டுக் கரையை நோக்கி ஒதுங்குகிறது. பதிலுக்குக் கத்தியிருக்கலாம். எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள்.

“நகருதுங்க.”

மறுத்துப் பேச வாயெடுத்தவர் மரத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார்.

“நான் கை காட்டுறேன். நீங்க என்னை மட்டும் பாருங்க. வாய் வேண்டாம்.”

நங்கூரத்தைத் தூக்கி, கழியின் நடுவுக்கு வந்து, மறுபடி இறக்கினாள். அவள் உள்ளங்கை விரிந்திருந்தவரை அவர் அசையவில்லை. போதுமான சங்கிலி போனதும் கையைப் பின்னால் அசைத்தாள். எஞ்சின் மெதுவாக முனகியது. சங்கிலி விறைத்து, படகு அப்படியே நின்றது.

அவர் இரண்டு டம்ளர் டீயோடு முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“கண்டக்டர் இல்லாமலே வண்டிய எடுத்துட்டேன், இல்ல?”

“இறங்கிப் போயிடலாமான்னுகூட நெனச்சேன்.”

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். முழுக்க விளையாட்டில்லை. அவள் கையை எடுத்து, அதில் அப்பியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். கொக்குகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருந்தார்கள். குடிதண்ணீர் தீரும்வரை அங்கேயே கிடந்துவிட்டு, தாமதமாகப் போய், இருவரும் சேர்ந்தே திட்டு வாங்கினார்கள்.